இந்த ‘அவன்’ யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை இலக்கிய மாணவி. வகுப்பில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒப்பாய்வு கொடுத்திருக்கிறார்கள். எங்கள் குழுவுக்கு வந்தது போர் நாவல்கள். டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’, ரெமார்க்கின் ‘ஆல் குவயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’, ஹெமிங்வேயின் ‘ஏ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ ஆகிய மூன்றின் மொழியையும் நடையையும் ஒப்பிட வேண்டும். வாக்கிய நீளம், சொல்வளம், கதைசொல்லி, குறியீடுகள், உரையாடல் என்று ஐந்து தலைப்பில் அட்டவணை போட்டுவிட்டோம். இணைத்திருக்கிறேன்.

முடிவுரையில்தான் சண்டை. ஹெமிங்வேயின் எளிய நடைதான் போருக்குப் பொருத்தம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். டால்ஸ்டாய்தான் என்று இரண்டு பேர். போரை எழுத எந்த நடை சிறந்தது? மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு நடையைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டா? போருக்குப் போய் வந்தவர்கள்தான் போர் நாவல் எழுத முடியுமா?

இன்னொன்று. ரெமார்க்கின் கடைசிப் பக்கத்தில் எனக்கு ஏதோ ஆகிறது. அழுகை வரவில்லை. இருட்டில் படி இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்தது போல இருக்கிறது. அதை அட்டவணையில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்று தெரியவில்லை.

கே.

*

அன்புள்ள கே,

உங்கள் கடிதத்தில் அந்தக் கடைசிப் பத்தி இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். அட்டவணையைத் திறந்தேன், பார்த்தேன், மூடிவிட்டேன். அப்புறம்தான் கடிதத்தை முடிவு வரை வாசித்தேன். மூன்று வாரமாக நான் நின்றுகொண்டிருப்பதும் அதே படியில்தான். ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தன் கதையை ‘நான்’ என்று சொல்லும் ஒருவன் அதில் சாக வேண்டும். ‘நான் செத்துப்போனேன்’ என்று எவனும் எழுத முடியாது. கதை அங்கேயே நிற்கிறது. தினமும் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ரெமார்க்கை நினைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். ‘வாக்கிய நீளம்: டால்ஸ்டாய் – மிக நீளம், ரெமார்க் – நடுத்தரம், ஹெமிங்வே – குறுகியது.’ இதை நீங்கள் நாவலைப் பார்த்து எழுதவில்லை. நாவலைப் பற்றி யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேர் இருக்கிறீர்கள், ஒருவர்கூடவா ஹெமிங்வேயின் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கவில்லை? பதுங்குகுழிக்குள் உட்கார்ந்து ஃபிரெடரிக் ஹென்றி பாலாடைக்கட்டி தின்கிறான். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு ஒரு வாய் ஒயின் குடிக்கிறான். மற்ற சத்தங்களுக்கு நடுவே ஒரு இருமல் மாதிரி கேட்கிறது. உலையின் கதவைத் திறந்தது போல வெளிச்சம். வெள்ளையாகத் தொடங்கிச் சிவப்பாகிப் போய்க்கொண்டே இருக்கும் இரைச்சல். அதற்கப்புறம் வாக்கியம் நிற்பதே இல்லை. மூச்சு வரவில்லை, தன்னிலிருந்து தானே வெளியே பாய்வது தெரிகிறது, வெளியே, இன்னும் வெளியே என்று ‘அன்ட்’, ‘அன்ட்’ போட்டு அந்த வாக்கியம் அவனோடு காற்றில் போகிறது. குறுகிய வாக்கியத்துக்குப் பேர்போன மனிதர், தன் நாயகன் குண்டடி படும் இடத்தில் மூச்சுவிடாத வாக்கியம் எழுதியிருக்கிறார். முன்னால் அத்தனை குறுகிய வாக்கியங்கள் இருந்ததால்தான் இந்த நீளம் நம்மைத் தூக்கி எறிகிறது. அட்டவணையில் ‘குறுகியது’ என்ற ஒரு சொல்லை எழுதி இதை அடைத்துவிட்டீர்கள்.

டால்ஸ்டாய்க்கும் அதே கதிதான். ஷோன்கிராபன் சண்டையில் நிக்கொலாய் ரஸ்தோவின் குதிரை சுடப்பட்டு விழுகிறது. அவன் எழுந்து நிற்கிறான். சிலர் தன்னை நோக்கி ஓடி வருவது தெரிகிறது. இவர்கள் யார்? ஏன் ஓடி வருகிறார்கள்? என்னிடமா? என்னைக் கொல்லவா? எல்லாருக்கும் பிரியமான என்னையா? துண்டு துண்டாக, ஒரு குழந்தை கேட்பது போலக் கேள்விகள். கையில் துப்பாக்கி இருக்கிறது. அதால் சுட வேண்டும் என்று தோன்றாமல் அதையே பிரெஞ்சுக்காரன் மேல் விட்டெறிந்துவிட்டுப் புதர்களைப் பார்த்து ஓடுகிறான். ‘மிக நீளம்’ என்ற உங்கள் கட்டத்துக்குள் இந்த ஓட்டம் எங்கே இருக்கிறது?

‘குறியீடுகள்’ என்ற தலைப்பின் கீழே வானம், மழை, காலணி என்று எழுதியிருக்கிறீர்கள். காலணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரெமார்க்கின் நாவலில் கெம்மரிக் என்ற படைவீரனுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். அவன் சாகப்போகிறான். கட்டிலுக்கு அடியில் அவனுடைய உயர்ந்த மஞ்சள் தோல் காலணி இருக்கிறது. அவன் தோழன் முல்லருக்கு அதன் மேல் கண். முல்லர் கெட்டவன் இல்லை. நல்ல காலணி கிடைப்பது அரிது, செத்தவனுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். கெம்மரிக்குக்கு அப்புறம் அது முல்லர் காலில் ஏறுகிறது. முல்லருக்கு அப்புறம், கதையைச் சொல்லும் பால் போய்மர் காலில். ரெமார்க் எங்கேயும் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டவில்லை. அது தோலால் செய்த, ஒரு அளவுள்ள, நனைந்தால் காயவைக்க வேண்டிய காலணி. அதைக் ‘குறியீடு’ என்று எழுதியதும் அதன் தோல் வாசனை போய்விட்டது. அந்த வாசனையோடு உங்கள் அட்டவணைக்குள் அது வர முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் அட்டவணையில்தான் கோளாறு.

சரி, உங்கள் கேள்விகள்.

எந்த நடை சிறந்தது என்பதை விட்டுவிடுங்கள். ஓட்டு எண்ணி முடிவுரை எழுதுகிற விஷயம் இல்லை இது.

போருக்குப் போனவர்தான் எழுத வேண்டுமா? டால்ஸ்டாய் செவஸ்தபோலில் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தவர். ஆனால் அவர் எழுதிய 1812 போர் அவர் பிறப்பதற்குப் 16 ஆண்டு முன்னால் நடந்தது. ஹெமிங்வே 1918 ஜூலையில் இத்தாலியில் காயம்பட்டார். ஆனால் நாவலின் உயிரான, இத்தாலியப் படையின் கப்பரெட்டோ பின்வாங்கல் நடந்தது 1917 அக்டோபரில், அவர் அங்கே போவதற்கு முன்பே. ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ எழுதிய ஸ்டீபன் கிரேன் பிறந்தது 1871-இல். அவர் எழுதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இலேயே முடிந்துவிட்டது. ரெமார்க் போர்முனையில் இருந்தது சில வாரங்கள்தான். 1917 ஜூலை கடைசியில் குண்டுச்சில்லு பட்டு மருத்துவமனைக்குப் போனவர், போரின் மிச்சக் காலத்தில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மொழிபெயர்ப்பில் நடை தெரியுமா? பாதி தெரியும். ஓசை போய்விடும். வட்டார வழக்கு போய்விடும். ‘போரும் அமைதியும்’ பிரெஞ்சு வாக்கியத்தில் தொடங்குகிறது. நெப்போலியனை எதிர்த்துப் போருக்குப் போகும் ரஷ்யப் பிரபுக்கள் நெப்போலியனின் மொழியில்தான் அவனைத் திட்டுகிறார்கள். அதை முழுக்க ஒரே மொழியில் படித்தால் அந்தக் கூச்சம் நமக்குத் தெரியாமல் போகும். (1873 பதிப்பில் டால்ஸ்டாயே பிரெஞ்சை எடுத்துவிட்டு ரஷ்ய மொழியில் போட்டார். பிந்திய பதிப்புகளில் அது திரும்பி வந்தது.) ஆனால் யார் பேசுகிறார், எந்தக் காலத்தில் பேசுகிறார், கண் முதலில் எதைப் பார்க்கிறது என்பதெல்லாம் நல்ல மொழிபெயர்ப்பில் தங்கும். உங்களைப் படியில் தடுக்க வைத்தது தங்கியவற்றில் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ரெமார்க்கின் நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். நூலகப் பிரதி. பக்கத்துக்குப் பத்துச் சொல்லுக்கு அகராதி பார்த்துப் பார்த்துப் படித்ததால் ஒன்றரை மாதம் ஆனது. அந்தப் பிரதியில் கடைசித் தாள் இல்லை. அது எனக்குத் தெரியாது. இருந்த கடைசிப் பக்கத்தின் அடியில் வாக்கியம் முழுதாக முடிந்திருந்தது. இலையுதிர்காலம். தோழர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். போர் முடியப்போகிறது என்று பேச்சு. இனி மாதங்களும் வருடங்களும் வரட்டும், என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள அவற்றுக்கு எதுவும் இல்லை, எனக்குப் பயமும் இல்லை என்கிறான் பால். தனக்குள் இருக்கும் உயிர் தன்னைக் கேட்காமலே தன் வழியைத் தேடிக்கொள்ளும் என்பது போல ஏதோ சொல்கிறான். நாவல் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பால் வீடு திரும்புகிறான், வெறுமையாக, ஆனால் உயிரோடு. எனக்கு அவன் மேல் அவ்வளவு பிரியம். அவன் பிழைத்ததில் நானே பிழைத்தது போல இருந்தது.

வகுப்புக்குப் பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். பால் திரும்பிப் போகிறான் என்பதுதான் அதன் மையம். ஒரு வாரம் கழித்து ஆசிரியர் அதைத் திருப்பித் தந்தார். மதிப்பெண் இல்லை. சிவப்பு மை இல்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி: ‘அடுத்த பக்கம்?’

எனக்குப் புரியவில்லை. போய்க் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் தன்னுடைய பிரதியைக் கொண்டுவந்தார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகம். மின்விசிறிக் காற்றில் தாள் புரளாமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘சத்தமாக வாசி’ என்றார். எனக்குத் தெரிந்த கடைசி வாக்கியத்தை வாசித்தேன். தாளைத் திருப்பினார். எதிரே வெறும் இரண்டு பத்திகள். முதல் வாக்கியம்: 1918 அக்டோபரில் அவன் வீழ்ந்தான்.

நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். ‘சார், இந்த அவன் யார்?’ என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. புதிதாக யாரோ கதைக்குள் வந்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் கட்டைவிரலை எடுக்காமல் சொன்னார்: ‘இத்தனை நேரம் உன்னிடம் பேசிக்கொண்டிருந்தவன்.’

கே, உங்களுக்கு நேர்ந்ததும் இதுதான். இல்லாத அந்தப் படி ஒரு விகுதி. ‘-ஏன்’ போய் ‘-ஆன்’ வந்துவிட்டது. இருநூறு பக்கத்துக்கு மேல் படுக்கிறேன், ஓடுகிறேன், பசிக்கிறது எனக்கு என்று காதுக்குள் பேசியவன், ஒரு வெற்று இடைவெளிக்கு அப்பால் வீழ்ந்தான் ஆகிவிட்டான். சாவை ரெமார்க் விவரிக்கவே இல்லை. குண்டு வந்ததா, துப்பாக்கிச் சூடா, எந்த நேரம், ஒன்றும் கிடையாது. இலக்கணம் மாறுகிறது. அதுதான் சாவு.

இதை நான் விடப்போவதில்லை. இன்னும் சொல்ல இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாவலின் முதல் சொல் என்ன? ஜெர்மன் மூலத்தில் ‘வீர்’. நாங்கள். போர்முனைக்கு ஒன்பது கிலோமீட்டர் பின்னால் படுத்திருக்கிறோம், வயிறு நிறைந்திருக்கிறது, திருப்தியாக இருக்கிறோம் என்று தொடங்குகிறது. ஏன் வயிறு நிறைந்தது? சமையல்காரர் 150 பேருக்குச் சமைத்துவிட்டார், திரும்பி வந்தது 80 பேர். செத்தவர்களின் பங்கைச் சேர்த்துச் சாப்பிட்ட திருப்தி அது. அந்த ‘வீர்’ என்ற சொல்லைத் தமிழில் போட வந்தால் ஜெர்மானியருக்கும் ஆங்கிலேயருக்கும் இல்லாத ஒரு கேள்வி நமக்கு வருகிறது. நாமா, நாங்களா? நாம் என்றால் வாசிப்பவரும் உள்ளே. நாங்கள் என்றால் வாசிப்பவர் வெளியே. யோசிக்கவே வேண்டாம், அது நாங்கள்தான். நாவலின் பாதி வலி அந்த ‘ங்கள்’ என்பதில் இருக்கிறது. பால் விடுமுறையில் வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். அப்பா கதை கேட்கிறார், சண்டை எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்கிறார். பாலால் சொல்ல முடியவில்லை. சொன்னால் அது பெரிதாக வளர்ந்து தன் கைக்கு அடங்காமல் போய்விடும் என்று பயப்படுகிறான். பெற்ற தகப்பனிடம்கூட ‘நாம்’ என்று பேச முடியாத இடத்துக்கு அவன் போய்விட்டான்.

அந்த நாங்கள் தேய்ந்துகொண்டே வருகிறது. கெம்மரிக், முல்லர், மூத்த தோழன் காட் என்று ஒவ்வொருவராக. கடைசி அத்தியாயத் தொடக்கத்தில், வகுப்பிலிருந்து வந்த ஏழு பேரில் நான்தான் மிச்சம் என்கிறான். நாங்கள் என்று சொல்ல அவனுக்கு ஆளில்லை. அதனால் நான். அப்புறம் தாளைத் திருப்பினால் அவன். அதற்கும் அப்பால் ஒன்று இருக்கிறது. இரண்டாவது பத்தியில் யாரோ அவனைப் புரட்டிப் பார்க்கிறார்கள். யார் என்று ஜெர்மனில் இல்லை. ‘மன்’ என்று ஒரு சொல், ஆளைச் சுட்டாத சொல். தமிழில் ‘புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது’ என்று எழுவாயே இல்லாமல் எழுதிவிடலாம், நம் மொழிக்கு அந்த வசதி இருக்கிறது. நாங்கள், நான், அவன், அப்புறம் யாருமில்லை. மொத்த நாவலும் இந்த நான்கு படியில் இறங்குகிறது. இதைத்தான் நீங்கள் நடை என்று எழுத வேண்டும்.

நடுவில் ஓர் இடத்தில் இன்னொரு சொல் வருகிறது. நீ. குண்டுக்குழிக்குள் தன் மேல் வந்து விழுந்த பிரெஞ்சுக்காரனைப் பால் கத்தியால் குத்திவிடுகிறான். அவன் உடனே சாகவில்லை. வெளியே போக முடியாமல், சாகிறவனோடு அந்தக் குழிக்குள் பால் கிடக்கிறான். தண்ணீர் கொடுக்கிறான். கட்டுப் போடுகிறான். அவன் செத்ததும் பால் பேச ஆரம்பிக்கிறான். தோழனே, உன்னைக் கொல்ல நினைக்கவில்லை, முன்னால் நீ எனக்கு வெறும் ஒரு எண்ணமாக இருந்தாய் என்கிறான். பையைத் திறந்து பார்த்தால் பெயர் இருக்கிறது. ஜெரார் துவால், அச்சுக்கோப்பவர். பகைவனுக்கு ஒரு பெயரும் தொழிலும் வந்துவிட்டது. அந்த நீ அதிக நேரம் தாங்குவதில்லை. தன் ஆட்களிடம் திரும்பி வந்ததும் அவர்கள் ஒரு குறிபார்த்துச் சுடுபவனைக் காட்டித் தேற்றுகிறார்கள், பாலும் போர் என்றால் போர்தானே என்று சொல்லிவிடுகிறான். நீ மறுபடி அவர்கள் ஆகிறது. என்னை நடுங்க வைத்தது கத்திக்குத்து இல்லை, இந்தத் திரும்புதல்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நினைவுகளைச் சொல்லும் இடங்களைத் தவிர்த்தால் பால் பெரும்பாலும் நிகழ்காலத்தில்தான் பேசுகிறான். ஹெமிங்வேயின் ஃபிரெடரிக் ஹென்றி கடந்தகாலத்தில் சொல்கிறான். போனேன், வந்தேன், சாப்பிட்டேன் என்று ஒருவன் சொன்னாலே அவன் பிழைத்துவிட்டான் என்று அர்த்தம். எங்கோ உட்கார்ந்து நினைத்துப் பார்த்துச் சொல்கிறான். குண்டடி படும்போதுகூட, தன்னை விட்டு வெளியே போனவன் வழுக்கித் திரும்பி வந்துவிடுகிறான். முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறான், அது அங்கே இல்லை, கீழே கணைக்காலில் இறங்கியிருக்கிறது. ஆனாலும் நமக்கு உள்ளூர ஒரு நிம்மதி, சொல்வதற்கு ஆள் இருக்கிறான். ரெமார்க் அந்த உத்தரவாதத்தை முதல் வரியிலேயே எடுத்துவிட்டார். படுத்திருக்கிறோம் என்கிறவன் நாளை இருப்பானா, யார் கண்டார்? கடைசிப் பக்கத்தில் முதல் முறையாக அவனை வேறொருவர் சொல்கிறார், அதுவும் கடந்தகாலத்தில். அதற்கு இறந்தகாலம் என்று நம் இலக்கணத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளியில் எத்தனை முறை எழுதியிருப்போம், அந்தச் சொல்லை அன்று மின்விசிறிக்குக் கீழேதான் முதல் முறையாகக் கேட்டேன்.

வீழ்ந்தான் என்ற வினையும் சும்மா வரவில்லை. களத்தில் சாவதற்கு ஜெர்மனில் விழுதல் என்றே வழக்கு. அரசாங்கக் கடிதத்தின் சொல் அது. நம்முடைய நடுகற்களில் பட்டான் என்று வெட்டியிருப்பது போல. அதே பத்தியில் படை அறிக்கையும் வருகிறது. அன்று முனை முழுவதும் அவ்வளவு அமைதியாக இருந்ததால், மேற்கில் சொல்லும்படி புதிதாக ஒன்றுமில்லை என்று ஒரே வாக்கியத்தில் அறிக்கை முடிந்ததாம். மூலத்தில் நாவலின் தலைப்பே அந்த வாக்கியத்திலிருந்து வெட்டி எடுத்தது. மேற்கில் புதிதாக ஒன்றுமில்லை. ஆங்கிலத்தில் அது ‘அமைதி’ ஆனது, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லை என்பது வேறு. நம்மோடு பேசிக்கொண்டிருந்த ஒருவன் செத்திருக்கிறான், அதை ஒரு அலுவலகம் ‘புதிதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

இப்போது டால்ஸ்டாயிடம் வாருங்கள், ஏனென்றால் அவர் இதே காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறார். அவருடைய நாவல் முழுக்க அவன், அவள், அவர்கள். மேலிருந்து சொல்கிறார். படைகளை நகர்த்துகிறார், நெப்போலியனைக் கண்டிக்கிறார். ஆனால் சாவு நெருங்கும் இடத்தில் அந்த அவன் பிளந்து உள்ளேயிருந்து ஒரு நான் எட்டிப்பார்க்கிறது. ரஸ்தோவின் ‘என்னையா?’ அதுதான். ஆஸ்டர்லிட்ஸ் போரில் இளவரசன் அந்திரேய் விழும்போது, என்ன இது, விழுகிறேனா, கால் தள்ளாடுகிறதே என்று கேட்டுக்கொள்கிறான். பரதீனோ போர்க்களத்தில் அவன் முன்னால் ஒரு வெடிகுண்டு பம்பரம் போலச் சுற்றுகிறது. பக்கத்தில் இருந்தவன் தரையில் விழுந்து படுத்துவிட்டான். அந்திரேய் நிற்கிறான். புல்லைப் பார்க்கிறான், எட்டிக்காய் மாதிரி கசக்கும் ஒரு செடியைப் பார்க்கிறான், சுற்றுகிற கறுப்புப் பந்திலிருந்து சுருண்டு எழும் புகையைப் பார்க்கிறான். புதிதாக, பொறாமையோடு பார்க்கிறான் என்று எழுதுகிறார் டால்ஸ்டாய். புல்லின் மேல் பொறாமை. இதுவா சாவு, என்னால் சாக முடியாது, எனக்குச் சாக விருப்பமில்லை, இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு பெருமிதக்கார இளவரசன் குழந்தையாகிவிடுகிறான். ரெமார்க்கின் நான் சாவில் அவன் ஆகி மூடிக்கொள்கிறது. டால்ஸ்டாயின் அவன் சாவின் விளிம்பில் நான் ஆகித் திறந்துகொள்கிறது. உங்கள் இரண்டு கட்சிக்காரர்களும் ஒருநாள் உட்கார்ந்து இதைப் பேசினால் சண்டை தீருமோ இல்லையோ, நல்ல சண்டையாக மாறும்.

மூன்றோடு நிற்க வேண்டாம். கர்ட் வானகட்டின் ‘ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்’ படியுங்கள். 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் நகரம் எரிந்தபோது அவர் அங்கே போர்க்கைதி. அதை எழுதி முடிக்க 1969 வரை ஆனது. கதை பில்லி பில்கிரிம் என்பவனைப் பற்றியது, அவன் கதைதான். ஆனால் கைதிமுகாமின் கழிப்பிடத்தில் வயிற்றுப்போக்கில் ஒருவன் முனகிக்கொண்டு கிடக்கிறான். அது நான், இந்தப் புத்தகத்தை எழுதியவன் என்று நடுவில் ஒரு குரல் சொல்கிறது. சொல்லிவிட்டுக் கதை மேலே போய்விடுகிறது. பில்லியை அவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மூலையில் கிடந்த ஒருவனைக் காட்டி நான் என்கிறார். மேடையில் நின்று சொல்லவில்லை, மலம் நாறும் இடத்தில் சொல்கிறார். அந்தப் பக்கத்தில் நான் எப்போதும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிடுவேன்.

உங்கள் முடிவுரை ஒருபுறம் இருக்கட்டும். அந்த அட்டவணையையும் கிழிக்க வேண்டாம், ஐந்து பேர் உழைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆளுக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ரெமார்க்கில் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து நான் வருகிற இடமெல்லாம் அவன் போட்டுக் கையால் தமிழில் எழுதுங்கள், தட்டச்சு வேண்டாம். அதேபோல பரதீனோவில் அந்திரேய் நிற்கிற பக்கத்தில் அவனை நான் ஆக்குங்கள். சில வாக்கியங்கள் சொன்னபடி கேட்டு மாறிவிடும். சில மாறாது. புல்லின் மேல் பொறாமையாகப் பார்த்தேன் என்று எழுதிப் பாருங்கள், தன் பொறாமையைத் தானே சொல்கிறவன் அந்த விநாடியில் இருக்க முடியுமா என்று தெரியும். மாறாத வாக்கியங்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து வையுங்கள். உங்கள் ஆறாவது தலைப்பு அதிலிருந்து கிடைக்கும்.

என் கதையில் நேற்று ஒரு வரி நகர்ந்தது. அவன் இன்னும் சாகவில்லை. ஒரு வெற்று வரி விட்டிருக்கிறேன், அதற்குக் கீழே யார் பேச வேண்டும் என்று தெரியவில்லை. உங்கள் ஐந்து பேரின் தாள்களையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் கை நின்றது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தால் போதும்.

அன்புடன்